இடதுபக்கப் பின்கதவு

அந்தச் சன்னல் கம்பியில கை வெச்சறாதீங்க தம்பி. எந்தப் புண்ணியவானோ வாந்தி எடுத்து வெச்சுட்டுப் போயிருக்கறான் பாருங்க. காஞ்சிருக்குது, அவ்வளவுதான் வித்தியாசம். சீட்டப் பாருங்க. ரெக்சினைக் கிழிச்சு உள்ள இருக்கற பஞ்ச எவனோ விரல உட்டு நோண்டி எடுத்துருக்கறான். முன்சீட்டு முதுவுல ரெண்டு பேரக் கிறுக்கி, நடுவால ஒரு அம்பு. கருமம். ஒரு வண்டிய வண்டியா வெச்சுக்கத் தெரியாத சனம்.

இப்படி உக்காருங்க, நான் அக்கட்ட நகந்துக்கறேன். இந்தப் பொட்டணத்துல மட்டும் முட்டிறாதீங்க. மடியிலயே வெச்சுக்கறேன். உள்ள கண்ணாடிச் சாமான்.

எங்க, கோயமுத்தூருங்களா? ஓ, கெணத்துக்கடவுதானா. கெணத்துக்கடவுல எக்கட்டங்க? தண்ணி டேங்க் வீதியா? அப்படீங்களா. இல்ல, சும்மா கேட்டேன். அந்த வீதியிலதான் என்ற புள்ளையக் கட்டிக் குடுத்துருக்குது. டேங்குக்குப் பொறவால ரெண்டாவது ஊடு, பச்சைக் கேட்டு. நான் அங்க போகலீங்க. எனக்கு டிக்கெட் கோயமுத்தூருக்கு. பொள்ளாச்சியில பாயிண்ட் டு பாயிண்ட் வண்டி காலியாத்தான் நின்னுது. அதுல ஏறியிருந்தா நடுவால எங்கயும் நிக்காமப் பாலத்து மேலயே சர்ருன்னு போயிருப்பான், கெணத்துக்கடவு கண்ணுலயே பட்டுருக்காது. என்ன நெனப்புலயோ இதுல ஏறித் தொலைச்சுட்டேன்.

என்ற பேரு நாச்சிமுத்து. எனக்குச் சொந்தமாக் காரு இருக்குதுங்க. சிரிக்காதீங்க. காரு வெச்சிருக்கறவன் எதுக்கு டவுன் பஸ்ஸாட்டக் குலுங்கற இந்த வண்டியில, வாந்திக்குப் பக்கத்துல உக்காந்து வர்றான்னு நெனைக்கறீங்க. எல்லாருந்தான் கேக்கறாங்க. எங்க ஊட்டுக்காரி ருக்குமணி தெனமும் கேக்கறா.

என்ன காருன்னு கேளுங்க. ஹில்மேன். வெள்ளைக்காரன் காரு. எனக்கு மூத்தது. கெட்டித் தயிர் இருக்குது பாருங்க, அந்த நெறம். மூஞ்சி ரெண்டு கண்ணோட அப்படியே உங்களைப் பாத்துச் சிரிக்கறாப்புடி இருக்கும். தெருவுல எடுத்துட்டு வந்தா ஒரு பயலும் அழகா இருக்குதுன்னு சொல்ல மாட்டான். "மாமா, மைலேஜ் எவ்வளவு தரும்?" அதான் கேப்பான். கோயில் யானையப் பாத்து ஏரு உழுவுமான்னு கேக்கறாப்புடி. அவன் மூஞ்சியில துப்பலாம்னு இருக்கும். அடக்கிக்குவேன். துப்புனா பெயிண்ட்டுல பட்டுரும்.

அது எங்க மொதலாளி காருங்க. நான் மில்லு மொதலாளி ஒருத்தருக்கு டிரைவரா இருந்தவன். முப்பது வருசம் முன்சீட்டு. பின்சீட்டுல ஒருநாளும் உக்காந்ததில்ல, உக்காரோணும்னு தோணுனதும் இல்ல. அவங்க காரை வெச்சிருந்த விதம் இருக்குதே, சொன்னா நம்ப மாட்டீங்க. செருப்ப வெளிய உட்டுட்டுத்தான் நான் உள்ள ஏறோணும். ஸ்பின்னிங் டிபார்ட்மெண்ட்டுல இருந்து நல்ல பஞ்சா எடுத்துட்டு வந்து காலைல ஒருதரம் சாயங்காலம் ஒருதரம் தொடைக்கோணும். மொதலாளியம்மா ஏறும்போது கதவு மேல ஒத்த விரல வெச்சு இழுத்துப் பாப்பாங்க. விரல்ல தூசி ஒட்டுச்சுன்னா ஒண்ணும் பேச மாட்டாங்க, விரல என்ற மூஞ்சிக்கு நேரா காட்டுவாங்க. அவ்வளவுதான். அது போதாதுங்களா?

ஒருக்கா என்ற புள்ள புனிதா, அப்பச் சின்னப் புள்ள, பாவாடை கட்டற வயசு. பள்ளிக்கூடம் உட்டா மில்லுக் கேட்டுக்கு வந்து நிக்கும், காரு போகும்போது என்னையப் பாத்துக் கையக் காட்டறதுக்கு. நான் திருப்பிக் காட்ட முடியாது, பொறவால மொதலாளி இருப்பாங்க. அன்னிக்குக் காரு கேட்டுல நின்னுட்டு இருந்துது. புள்ள சேமியா ஐஸு தின்ன கையோட ஓடி வந்து பின்கதவுல கைய வெச்சிருச்சு. அப்பத்தான் மொதலாளியம்மா வர்றாங்க. ஒரு வார்த்தை வையலையே! "நாச்சி, அதத் தொடச்சிரு"ன்னாங்க. பிஞ்சுக் கையி, அஞ்சு விரலும் அச்சா விழுந்துருந்துது. பஞ்செடுத்துத் தொடச்சேன். "அக்கட்டப் போ"ன்னு புள்ளையத் தள்ளி நிக்கச் சொன்னேன். அது கேட்டோரமா நின்னு கடைசி வரைக்கும் பாத்துட்டு இருந்துது. தம்பி, அதுக்குப் பேருதான் பராமரிப்பு. இன்னிக்கு எவன் அப்படி வெச்சிருக்கறான் சொல்லுங்க?

மொதலாளி போனாரு, மில்லும் போச்சு. அவரு பசங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பெரிய வண்டி வாங்கிக்கிட்டாங்க. இந்தக் காரத் தூக்கித் தேங்காமட்டைக் கொட்டாய்ல போட்டுட்டாங்க. ஒருநாள் போயிப் பாத்தேன். பாத்தவனுக்குச் சோறு எறங்கலீங்க. ஸ்டேரிங்கு மேல கோழி உக்காந்துருக்குது. டேஷ்போர்டு முழுக்கக் கோழிப்பீ, ஒழுகிக் காஞ்சு வெள்ளை வெள்ளையா நிக்குது. மொதலாளியம்மா உக்காந்த பின்சீட்டுக்குள்ள எலி குட்டி போட்டிருக்குது. ரோசாப்பூ நெறத்துல நெளியுது. அந்த நாத்தம் இன்னும் என்ற மூக்குல இருக்குதுங்க. பசங்க என்னடான்னா பழைய இரும்புக்காரனை வரச் சொல்லி வெலை பேசிட்டு நிக்கறாங்க. அப்பன் உக்காந்த காரு! நான் குறுக்க பூந்து, அவன் குடுக்கறதையே நானும் தர்றேன்னு சொல்லி, மில்லு மூடும்போது கைக்கு வந்திருந்த கடைசிக் காசப் போட்டு வாங்கி, டிராக்டர்ல கட்டி இழுத்துட்டு வந்தேன்.

அதுக்கு ருக்குமணி ஒப்பாரி வெச்சா பாருங்க, செத்த ஊட்டுல கூட அப்படி அழுவ மாட்டாங்க.

காசு இருக்கறவன் காரு கட்டறதுல என்னங்க இருக்குது? சீமையில இருந்து பார்ட்ஸ வரவழைச்சு மாட்டுவான். நமக்கு அப்படியா? தரை பூராத் துரு தின்னு, கால வெச்சா ரோடு தெரிஞ்சுது. டிங்கர் சலீம் பாயும் நானும் எண்ணெய் டிரம்ம வெட்டி, தட்டி, தரை போட்டோம். சீட்டுக்குப் பஞ்சு வெக்க வக்கில்ல, தென்னை நாரத் திணிச்சுத் தெச்சேன், நம்மூர்ல அதுக்கென்ன பஞ்சம். கதவு ரப்பருக்குத் தோட்டத்து ஓஸ் பைப்பை நெடுக்க வகுந்து ஒட்டுனேன். வைப்பரு, ஒடஞ்சு கெடந்த வேன்ல இருந்து கழட்டுனது. பம்பருக்குப் பாலிஷு வாங்கக் காசு ஏது? புளியும் திருநீறும் போட்டுத் தேச்சேன், பளபளன்னு மூஞ்சி தெரிஞ்சுது. ரசத்துல புளியே இல்லைன்னு நான் ஒருநாள் வாயத் தொறந்து சொல்லிட்டேன். ருக்குமணி கரண்டியத் தூக்கி எறிஞ்சா. "போயி அந்தப் பம்பர நக்குங்க"ன்னா. பொம்பளை பேசற பேச்சுங்களா இது?

காருக்கு ஒரு கொட்டாய் வேணுமில்லீங்க. சமையக்கட்டுக் கூரைக்குன்னு வாங்கி வெச்சிருந்த தகரம் சும்மாத்தான் சாத்திக் கெடந்துது. அதை எடுத்துக் காருக்குப் போட்டேன். அதுக்கும் சண்டை. நான் கேக்கறேன், சமையக்கட்டு ஒழுகுனா கீழ ஒரு அண்டாவ வெச்சாத் தீந்துது. காருக்கு எங்க கொண்டுபோயி அண்டா வெக்கறது? நாயத்தச் சொல்லுங்க.

நடுவால பெட்ரோல் செலவாவது வரட்டும்னு ஒரு கலியாணத்துக்கு வாடகைக்கு உட்டேன். சீ, அந்தக் கதைய எடுத்தாலே ஒடம்பு கூசுது. பூவ டேப்பு போட்டு பானெட்டு மேல ஒட்டியிருக்கறானுங்க. பிக்கும்போது பெயிண்ட்டும் கூடவே வருது. மாப்ளைப் பயலோட சேக்காளிக சோப்பு நொரையப் பீச்சியடிச்சு, அது கண்ணாடி இடுக்குல பூந்து வாரக்கணக்குல நாறுச்சு. பின்சீட்டுக்கு அடியில பாதி தின்ன லட்டு, எறும்பு மொய்க்குது. அன்னியோட முடிவு பண்ணுனேன், பட்டினி கெடந்தாலும் இனி ஒருத்தனுக்கும் காரக் குடுக்கறதில்லைன்னு.

பெத்த புள்ளைக்குக் குடுக்காம இருக்க முடியுங்களா? புனிதாவுக்குக் கலியாணம் கூடுச்சு. அது நகை கேக்கல, சேலை கேக்கல. "அப்பா, நம்ம காருல பின்சீட்டுல உக்காந்து மாப்ளை ஊட்டுக்குப் போகோணும்"னுச்சு. ஒரே ஒரு ஆசை. எனக்கே நெஞ்சு நெறைஞ்சு போச்சு, பொய் சொல்லக் கூடாது. சரின்னேன். ஆனா ஒழுங்கு வேணுமில்ல? டேப்பு கூடாது, ஒத்த மாலை, அதுவும் பம்பர்ல நூல் போட்டுத்தான் கட்டோணும். உள்ள ஒண்ணும் திங்கக் கூடாது. கால நல்லாத் தொடச்சுட்டு ஏறோணும். எல்லாத்துக்கும் "சரிங்கப்பா, சரிங்கப்பா"ன்னுச்சு. தங்கமான புள்ள. முகூர்த்தம் முடிஞ்சு, சீட்டு மேல போர்வைய விரிச்சு, பொண்ணு மாப்ளைய உக்கார வெச்சு, நானே ஓட்டிட்டு வந்தேன். கண்ணாடியில பாக்கறேன், புள்ள சன்னலுக்கு வெளிய பாத்துப் போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் கையக் காட்டிட்டு வருது. கண்ணாடிய ஏத்து, தூசி வருதுன்னேன்.

இதே கெணத்துக்கடவு. இதே பச்சைக் கேட்டு. காரு நின்னுது, பொண்ணும் மாப்ளையும் எறங்கறாங்க. இடதுபக்கப் பின்கதவு தொறந்து நிக்குது. சம்மந்தியம்மாவோட அக்கா ஒருத்தி, நல்ல பாரி ஒடம்பு, ஆலாத்தித் தட்டோட வந்தா. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ரத்தமாட்டச் செவப்பு. மூணு சுத்துச் சுத்துனா. பொண்ணுக்குப் பொட்டு வெச்சா, மாப்ளைக்கு வெச்சா. நல்லாத்தான் போயிட்டிருந்துது. தண்ணிய வாசல்ல ஊத்திட்டு உள்ள போவாங்கன்னு நான் நிக்கறேன். அந்தம்மா திரும்பி என்ற காரைப் பாத்துது. "பொண்ணக் கொண்டாந்த ராசா இவனுக்கும் ஒரு பொட்டு வெப்போம்"னு சொல்லிட்டு, விரல அந்தச் செவப்புத் தண்ணியில முக்கி எடுத்துக்கிட்டுக் கதவுகிட்ட வருது, சொட்டச் சொட்ட!

தம்பி, சுண்ணாம்பு! பெயிண்ட்டு மேல சுண்ணாம்பு! தயிர் நெறத்துல! சலீம் பாய் கடனுக்கு அடிச்சுக் குடுத்த பெயிண்ட்டு! எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. "ஏய், கைய எடு"ன்னு கத்திட்டேன். கத்துன வேகத்துல கையத் தட்டி உட்டுட்டேன். கையத்தான் தட்டுனேன். தட்டுச் சரிஞ்சுது. மொத்தத் தண்ணியும் கதவு மேல பாதி, புள்ள மேல பாதி. கூரைச் சேலை இடுப்புல இருந்து கால் வரைக்கும் செவப்பு. தட்டு கீழ விழுந்து உருண்டு போயி, கணகணன்னு சுத்தி நின்னுது. வந்திருந்த ஒறம்பறை சனம் அபசகுனம்னு மொணகுச்சு. ஆலாத்தித் தட்டு கவுந்தா ஆகாதாம். பித்தளைத் தட்டு தம்பி! கீழ விழுந்தா எடுத்துக்கலாம்.

நான் என்ன பண்றது? சுண்ணாம்பு காஞ்சா பெயிண்ட்டத் தின்னுரும். தோள்ல இருந்த துண்ட எடுத்து மொதல்ல கதவத் தொடச்சேன். தொடச்சு முடிச்ச கையோட புள்ளைகிட்டயும் துண்ட நீட்டுனேன், நீட்டாம இல்ல. அது வாங்கல. என்னையே பாத்துக்கிட்டு நின்னுது. "அன்னிக்கும் நீங்க கதவத்தானுங்கப்பா தொடச்சீங்க"ன்னுச்சு. அவ்வளவுதான், உள்ள போயிருச்சு. என்னிக்கு? எதச் சொல்லுதுன்னு இன்னி வரைக்கும் எனக்கு வெளங்கலீங்க. அது அந்தக் காருல ஏறுனதே அன்னிக்குத்தான்.

அதுக்கு மேல கேளுங்க அக்கிரமத்த. கொஞ்சம் புளித்தண்ணி குடுங்க, சுண்ணாம்ப முறிக்கோணும்னு கேட்டேன். அத்தனை பெரிய கலியாண ஊடு, உள்ள சாம்பாரும் ரசமும் அண்டா அண்டாவா வேகுது. ஒரு டம்ளர் புளித்தண்ணி குடுக்க ஒருத்தருக்கு மனசு வரல. அந்தப் பொம்பளை என்னடான்னா திண்டு மாதிரி உக்காந்துக்கிட்டு மூக்கச் சிந்துது. ஒரு விரல் பொட்டு வெக்க வந்தாங்களாம். இப்ப முழுக் கதவும் போச்சே, யார் பதில் சொல்றது? நான் சோத்துக்குக் கூட நிக்காம வண்டியத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன், கறை காயறதுக்கு முன்னால களுவோணுமில்ல. பந்தியில உக்காரலைன்னு அதையும் ஒரு குத்தமாச் சொல்றாங்க. ருக்குமணிய அங்கயே உட்டுட்டு வந்துட்டேனாம். மறந்துட்டேன். மனுசனுக்கு மறதி வராதுங்களா?

அன்னியோட புள்ள நம்மூட்டுப் பக்கம் வரலீங்க. ஆடிக்கு வரல. தீவாளிக்கு வரல. அம்மாகாரியோட மட்டும் போன்ல பேச்சு. நான் பக்கத்துல போனா ருக்குமணி போன எடுத்துக்கிட்டுக் கெணத்தோரமாப் போயிருவா. பெத்தவன் பகையாளி ஆயிட்டேன், ஒரு சொம்புத் தண்ணிக்கு. எனக்கு மனுசங்க மேலயே வெறுத்துப் போச்சு தம்பி.

இப்பப் புள்ளத்தாச்சி. இன்னிக்குக் கட்டுச்சோறு. உங்க பக்கமும் உண்டுங்களா? பொண்ணு ஊட்டுக்காரங்க புளிச்சோறு, தயிர்ச்சோறுன்னு வகை வகையாக் கட்டிட்டுப் போயி, மாப்ளை ஊட்டுல எல்லாருக்கும் போட்டு, புள்ளைய மொதப் பேறுகாலத்துக்குப் பொறந்தூட்டுக்குக் கூட்டியாரது. ருக்குமணியும் அவ அண்ணன் ஊட்டு சனமும் வேன் வெச்சுக் கருக்கல்லயே சோத்துப் போசியோட போயிட்டாங்க. ஆனா அது என்ன சொல்லியிருக்குது தெரியுங்களா? "அப்பா வந்து, வாம்மான்னு அவரு வாயால கூப்புட்டா வரேன். இல்லாட்டி இங்கயே பெத்துக்கறேன்." எப்படி இருக்குது பாருங்க. நான் போயிக் கூப்புடோணுமாம். கதவைக் கெடுத்தது அவங்க, கெஞ்சறது நானா?

ருக்குமணி நாலு நாளா ஒரே பாட்டு. "காரை எடுத்துட்டு வாங்க, அந்தப் பின்சீட்டுலயே உக்கார வெச்சுக் கூட்டியாந்தரலாம், எல்லாஞ் சரியாயிரும்." காரை எப்படி எடுத்துட்டு வாரது? ஹெட்லைட்டு இல்ல. இதா, இந்தப் பொட்டணத்துல இருக்கறது அதுதான், இடது கண்ணு. குரோமியம் உரிஞ்சு சொறி புடிச்சாப்புடி இருந்துது. பாக்கவே அருவருப்பா இருந்துது. முந்தாநேத்துக் கழட்டிட்டேன். "பகல்ல போறதுக்கு லைட்டு எதுக்கு"ங்கறா. ஒத்தைக் கண்ணோட போயி மாப்ளை ஊட்டு வாசல்ல நிக்கறதா? ஆலாத்திக்காரி பாத்துச் சிரிக்க மாட்டாளா? "இன்னிக்குப் பாத்தா கழட்டோணும், ஒரு வாரம் பொறுத்தா ஆகாதா"ன்னு கேட்டா. தோணும்போதுதானுங்களே கழட்ட முடியும். கோயமுத்தூர்ல முலாம் போடறவன் மத்தியானம் சோத்துக்குக் கடைய அடைச்சிருவான். அதுக்கு முன்னால போகோணும்.

அந்தக் கதவா? தொடச்சும் களுவியும் போகாம அந்தக் கறை இன்னும் அப்படியே இருக்குதுங்க. அதுக்குப் பொறவு தரையில இருந்து டாப்பு வரைக்கும் அந்தக் காருல நான் கைவெக்காத எடம் இல்ல, அந்த ஒரு கதவத் தவிர. சலீம் பாய் அடிச்சுத் தர்றேன்னாரு, காசு கூட வேண்டாங்கறாரு. நான்தான் வேண்டான்னுட்டேன். இருக்கட்டும், சாட்சி. புள்ள ஒருநாள் வந்து கண்ணால பாக்கட்டும், அப்பன் எதுக்குக் கத்துனான்னு. சாயங்காலமானா அந்தப் பக்கமா முக்காலியப் போட்டு உக்காந்து அதத்தான் பாத்துட்டு இருப்பேன். மஞ்சளுக்கு வெயில் ஆகாதுங்க, நாளுக்கு நாள் வெளுத்துட்டே வருது. ஓரத்துல ஒரு எடத்துல புள்ளையோட சேலை உரசுன தடம் கூட இருந்துது. இப்ப உத்துப் பாத்தாத்தான் தெரியுது. சாட்சி போயிரக் கூடாதேன்னு அந்தக் கதவுக்கு மட்டும் வெயில் படாம ஒரு போர்வையக் கட்டி உட்டுருக்கறேன். ருக்குமணி அதுக்கும் சிரிக்கறா. சிரிச்சுட்டு அழுவறா. கிறுக்குப் புடிச்ச ஊடுங்க எங்குளுது.

அட, என்னுங்க இவன், பாலத்து மேல ஏறாமக் கீழ எறக்கறான்? மலைக்கோயில் வந்துருச்சா அதுக்குள்ள? நெசமாவே கெணத்துக்கடவுதான். அதா டேங்கு. பாட்டுச் சத்தம் கேக்குதுங்களா? சீரியல் லைட்டுத் தோரணம் தெரியுது பாருங்க டேங்குக்குப் பொறவால, பட்டப்பகல்ல எரிய உட்டுருக்கறாங்க. அந்த ஊடுதான். இன்னும் பந்தி போட்டிருக்க மாட்டாங்க.

நான் எறங்கலீங்க. டிக்கெட் கோயமுத்தூருக்கு எடுத்தாச்சு. ஒரு போன் பண்ணி "அப்பா வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எறங்குவேன். பொறந்ததுல இருந்து தூக்கி வளத்த கையிங்க இது. ஒரு வார்த்தை. போனு பாக்கெட்டுலதான் இருக்குது. பொள்ளாச்சியில இருந்து அடிக்கல. டவர் இருக்குது, பாத்தேன்.

எந்திரிச்சுட்டீங்களா? தம்பி, தம்பி, ஒரு நிமிசம். நீங்க டேங்க் வீதிக்குத்தானே போறீங்க? ஒரு உபகாரம். இந்தப் பொட்டணத்தச் சுத்தியிருக்கற துணி இருக்குதே, துணியில்லைங்க, சேலை. நெகமத்துச் சேலை. அப்பன் கையால புள்ளைக்குக் குடுக்கோணும்னு ருக்குமணி எடுத்து வெச்சுட்டுப் போனது. நல்ல மெத்துனு இருந்துது, லைட்டுல கீறல் உழுகாம இருக்கட்டும்னு சுத்திக்கிட்டேன். சித்த இருங்க, அவுத்துத் தர்றேன். லைட்ட நான் சும்மாவே மடியில வெச்சுக்கறேன். பச்சைக் கேட்டு, புனிதான்னு கேளுங்க, நெறமாசம், பாத்தாலே தெரியும். யாரு குடுத்தான்னு கேட்டா, பஸ்ஸுல ஒருத்தர் குடுத்தாருன்னு சொல்லுங்க. வேண்டா, அப்பன்னே சொல்லுங்க. அப்பனுக்குக் கோயமுத்தூர்ல சோலின்னு சொல்லுங்க.

அய்ய, இதென்னுங்க முந்தியில? கிரீஸு. துருப்புடிக்காம இருக்க லைட்டு வளையத்துக்குத் தடவுனது, ஊறி எறங்கியிருக்குது. தேய்க்காதீங்க தேய்க்காதீங்க, தேச்சா பரவிரும். இப்படி மடிச்சு, கறை உள்பக்கம் போறாப்புடிக் குடுங்க. கண்டக்டரே, இருய்யா, ஆளு எறங்குது!

ஒண்ணும் சொல்லாதுங்க தம்பி, நீங்க தைரியமாக் குடுங்க. ஒரு சொட்டுக் கறைதானே. அதுக்குப் போயி யாராவது பெத்தவங்களக் கோவிச்சுக்குவாங்களா?